ஸ்கோரோடு கேட்டபோது உறுத்திய ஓர் இடம்: பேத்தோவனின் பியானோ சொனாட்டாக்கள்
(குழுவில் வந்த கேள்வி: ஸ்கோரை, அதாவது இசை எழுதிய தாளை, கையில் வைத்துக் கேட்டபோது உங்களுக்கு உறுத்திய ஓர் இடத்தைச் சொல்லுங்கள்.)

பழையதட்டு:
பத்தெடிக் சொனாட்டா (ஓபஸ் 13; ஓபஸ் என்பது படைப்பின் வரிசை எண்), முதல் பகுதி. 132-ஆம் பாரில் (பார் என்பது ஸ்கோரில் கோடு போட்டுப் பிரித்த ஒரு கட்டம்) ரிப்பீட், அதாவது திரும்பிப் போய் மறுபடி வாசிக்கச் சொல்லும் குறி. எங்கே திரும்புவது? பெரும்பாலான பதிப்புகளில் 11-ஆம் பாரில், அலெக்ரோ என்ற வேகமான பகுதி தொடங்கும் இடத்தில் குறி போட்டிருக்கும். பியானோ கலைஞர் ருடால்ஃப் செர்கின் அங்கே நிற்பதில்லை, கிராவே என்ற மெதுவான முன்னுரையின் முதல் பாருக்கே போய்விடுகிறார். ஆந்த்ராஷ் ஷிஃப்பும் அப்படித்தான். ஓடிக்கொண்டிருந்த அலெக்ரோ சட்டென்று அறுந்து, அந்தக் கனத்த சி மைனர் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) மறுபடி விழும்போது தூக்கிவாரிப் போடுகிறது. கையெழுத்துப் பிரதி கிடைக்கவில்லை, 1799-இல் அச்சானதுதான் ஆதாரம். செர்கின் பக்கமே நியாயம் என்பேன். அவர் வழியில் போனால் கிராவே ஒரு தடவை சி மைனரில் திரும்பும், அடுத்து 133-இல் ஜி மைனரில் திரும்பும். அந்தச் சுருதி இடமாற்றம் அப்போதுதான் காதில் உறைக்கும்.

அரைப்பெடல்:
எனக்கு உறுத்துவது மூன்லைட் சொனாட்டாவின் (ஓபஸ் 27, எண் 2) முதல் பகுதி. தலைப்பிலேயே 'சென்ட்ஸா சோர்தினோ' என்று எழுதியிருக்கிறார். பகுதி முழுக்க டாம்பர்கள் (ஒலியை அடக்கும் மெத்தைகள்) தந்தியைத் தொடக்கூடாது என்று அர்த்தம். அன்றைய வியன்னா பியானோவில் முழங்காலால் ஒரு நெம்புகோலைத் தூக்கி இதைச் செய்தார்கள். தந்தி மெல்லியது, ஒலி சீக்கிரம் அடங்கிவிடும். இன்றைய பியானோவில் டாம்பர்களைத் தூக்கும் பெடலை அமுக்கியபடியே விட்டால் நான்காம் பாருக்குள் கஞ்சி காய்ச்சிவிடும்.

பாஸ் (அடிச்சுரம்) மாறும்போதெல்லாம் பெடலை மாற்றச் சொன்னவர் செர்னி, பேத்தோவனின் மாணவர். முதல் பாரில் சி ஷார்ப் (ஷார்ப் என்றால் அரைப்படி மேலே), இரண்டில் பி, மூன்றில் ஏ-யும் எஃப் ஷார்ப்பும். அதுவரை சிக்கல் இல்லை. நான்காம் பாரில்தான் மாட்டிக்கொள்வோம். பாஸ் ஜி ஷார்ப்பிலேயே நிற்கும், மேலே பி ஷார்ப், சி ஷார்ப், மறுபடி பி ஷார்ப் என்று ஒட்டி ஒட்டி உரசும். பெடலை முழுக்க எடுத்தால் பாஸ் செத்துவிடும், எடுக்காவிட்டால் உரசல் நிற்கும். பாதம் கால்வாசி மட்டும் எழுந்து இறங்க வேண்டும், டாம்பர் தந்தியைத் துடைத்துவிட்டு வருவதுபோல. ரொனால்ட் பிரௌட்டிகாம் அன்றைய பியானோவான ஃபோர்ட்டேபியானோவில் வாசித்ததைக் கேட்டுவிட்டு ஸ்கோரைப் பாருங்கள், அந்த வாசகம் ஏன் அங்கே இருக்கிறது என்று புரிந்துவிடும்.

நான்காம்கோடு:
பழையதட்டு அண்ணா, உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. கிராவே நான்கு தடவை வந்தால் அதன் அதிர்ச்சி தேய்ந்துவிடும். சிலர் அந்த ரிப்பீட்டையே விட்டுவிடுகிறார்கள், அதுகூடப் பரவாயில்லை.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இப்படி ஒரு பாரை வைத்து வாதாடுமுன் கையிலிருப்பது என்ன பதிப்பு என்று பாருங்கள். ஃபொன் பூலோவின் பதிப்பில் ஸ்லர்களும் (சுரங்களை இணைக்கும் வளைகோடுகள்) ஒலியளவுக் குறிகளும் பல இடங்களில் அவரே சேர்த்தவை. 'பேத்தோவன் இங்கே கிரெசெண்டோ (ஒலி ஏற்றம்) கேட்கிறார்' என்று அதைக் காட்டி வாதாடினால் அது பூலோவின் கிரெசெண்டோவாக இருக்கும். பியானோ கலைஞர் ஷ்னாபலின் பதிப்பு அருமையான பாடம், ஆனால் அது ஷ்னாபலின் பாடம். பேரி கூப்பரின் 2007 பதிப்பில் சொனாட்டாக்கள் 32 அல்ல, 35. பான் நகரில் சிறுவனாக எழுதி 1783-இல் அச்சான மூன்றையும் சேர்த்திருக்கிறார்.

கேட்கிற முறை: ஒரு நாளைக்கு ஒரு பகுதி போதும். ஸ்கோரில் கண் தடுமாறாத பகுதி ஒன்றில் தொடங்குங்கள். முதல் தடவை இடதுகை வரியை மட்டும் விரலால் தொடருங்கள். இரண்டாம் தடவை கிரெசெண்டோ முடிந்த உடனே 'பி' (p, மெல்லிய ஒலி) என்று தனியாக இருக்கும் இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். ஒலி ஏறி ஏறி வந்து உச்சியில் திடீரென்று அடங்க வேண்டும், இது பேத்தோவனின் கையெழுத்து மாதிரி. பல ரெக்கார்டிங்குகளில் அந்தக் கடைசி நொடிக்கு முன்பே ஒலியை இறக்கிச் சமாளித்திருப்பார்கள். மூன்றாம் தடவை வேறொருவரை எடுத்து, வட்டமிட்ட பார்களை மட்டும் கேளுங்கள். கெம்ஃப் என்றால் ஐம்பதுகளின் மோனோவா, அறுபதுகளின் ஸ்டீரியோவா என்று பாருங்கள், இரண்டும் வேறு வேறு. ஷ்னாபல் 1932 முதல் 1935 வரை பதிந்தவை 78 வேகத் தட்டுகள், ஒரு பக்கம் நாலு நிமிடத்தைச் சுற்றித்தான். ஓரிடத்தில் ஓசையின் நிறம் மாறினால் அது பக்கம் மாறிய இடமாக இருக்கலாம், அதை அவர் கணக்கில் எழுதாதீர்கள்.

பத்துகட்டை:
பதிப்பு விஷயத்தில் நான்காம்கோடு சொல்வது சரி, ஆனால் நல்ல பதிப்பும் கைவிடும் இடம் உண்டு. வால்ட்ஷ்டைன் (ஓபஸ் 53) கடைசிப் பிரெஸ்டிஸ்ஸிமோவில் (மிக வேகமான பகுதி) 465-ஆம் பார். வலதுகையில் இறங்கும் ஆக்டேவ்களுக்கு (எட்டுக் கட்டை அகலத்தில் ஒரே சுரம் இரண்டாக ஒலிப்பது) 5-1 என்று பேத்தோவனே விரலெண் போட்டிருக்கிறார், ஒலியளவு பியானிஸ்ஸிமோ, அதாவது மிக மெல்லியது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் வெள்ளைக் கட்டைகள்மேல் சறுக்க வேண்டும். வியன்னா பியானோவில் கட்டை லேசு, ஆழமும் குறைவு. இன்றைய பியானோவில் விரல் மாட்டும், அழுத்தினால் பியானிஸ்ஸிமோ போய்விடும். இரண்டு கைக்கும் பிரித்து வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். சுத்தமாக வரும், ஆனால் சறுக்கலின் பளபளப்பு போய் வெறும் ஸ்கேல் ஆகிவிடும். மணிக்கட்டால் தனித்தனி ஆக்டேவாக அடிப்பவர், 403-இல் பிரெஸ்டிஸ்ஸிமோ தொடங்கும்போதே வேகத்தைக் குறைத்துவைத்திருப்பார். அங்கேயே கண்டுபிடித்துவிடலாம்.

பழையதட்டு:
ஹாமர்கிளாவியரை (ஓபஸ் 106) யாரும் எடுக்கவில்லையே. முதல் பகுதியில் 224 முதல் 226 வரை. கீ சிக்னேச்சரில் (வரியின் தொடக்கத்தில் இருக்கும் சுருதிக் குறி) ஐந்து ஷார்ப், அதனால் அச்சில் இருப்பது ஏ ஷார்ப். ஷார்ப்பை நீக்கும் நேச்சுரல் குறி போட மறந்துவிட்டார் என்பது ஒரு கட்சி. ஏ நேச்சுரல் என்றால், 227-இல் மூலச் சுருதியான பி ஃபிளாட் திரும்புவதற்கு முந்தைய படியாக முறைப்படி அமையும். ஏ ஷார்ப் என்றால், பியானோவில் அதுவும் பி ஃபிளாட்டும் ஒரே கருப்புக் கட்டை. வீட்டுக்குள் வந்தபிறகுதான் வந்துவிட்டோம் என்றே தெரியும். இதிலும் கையெழுத்துப் பிரதி இல்லை. ரெக்கார்டிங் எடுத்தவுடன் நான் முதலில் போய்ப் பார்ப்பது இந்த மூன்று பார்களைத்தான்.

அரைப்பெடல்:
அதே சொனாட்டாவின் அடாஜியோ (மெதுவான பகுதி) இன்னும் பெரிய விஷயம், அண்ணா. முதல் பாரில் இருப்பது ஏ, சி ஷார்ப், இரண்டே சுரம். சொனாட்டா முழுதும் எழுதி முடித்து, லண்டனில் அச்சு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஃபெர்டினாண்ட் ரீஸுக்கு 1819 ஏப்ரலில் கடிதம் போட்டு அந்த இரண்டையும் முன்னால் சேர்க்கச் சொன்னார். இரண்டாம் பாரிலிருந்து ஒரு தடவை கேளுங்கள், பிறகு முதல் பாரோடு கேளுங்கள்.