மடிப்பாக்கம் பக்கம் காலைக் குழுப் பயிற்சி இருக்கிறதா?

வணக்கம். கோவையில் ஒன்றரை வருடம் ஒரு குழுவோடு தபாட்டா என்ற வேக உடற்பயிற்சி செய்தேன். 20 விநாடி முழு வேகம், 10 விநாடி ஓய்வு, 8 சுற்று. கணக்குக்கு 4 நிமிடம்தான். ஆறாவது சுற்றில் கை நடுங்கி, பர்பியில் (தரைக்குப் போய், எழுந்து குதிக்கிற பயிற்சி) எழ முடியாதபோது பக்கத்தில் இருந்த அக்கா, "இன்னும் ரெண்டுதான், எழுந்திரும்மா" என்பார். அந்தக் குரலுக்காகவே விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். ஒரு நாள் போகாவிட்டால், "உடம்பு சரியில்லையா?" என்று போன் வரும்.

இப்போது சென்னைக்கு வந்துவிட்டோம். வீட்டில் தனியாகச் செய்தால் மூன்றாவது சுற்றிலேயே பாயில் உட்கார்ந்துவிடுகிறேன். மடிப்பாக்கம், வேளச்சேரி பக்கம் காலை 7 மணிக்குள் முடிகிற குழு தெரிந்தால் சொல்லுங்கள். வலது முட்டியில் பழைய வலி உண்டு. குதிக்காமல் செய்யச் சொல்லித் தருகிற பயிற்சியாளர் வேண்டும். குழு இல்லையா, சரி, இரண்டு பேர் வந்தாலும் போதும், பூங்காவில் நாமே தொடங்கிவிடலாம்.