பனிச் சரிவில் முன்சக்கரம் சுழல்கிறது: சியன்னா வூட்லண்டுக்கு மாறலாமா?

கேள்வி

வணக்கம். நியூயார்க் மாநிலத்தில், பஃபலோவுக்குத் தெற்கே ஆர்ச்சர்ட் பார்க்கில் குடியிருக்கிறோம். வீட்டில் ஆறு பேர். ஈரி ஏரிப் பக்கமிருந்து பனி வந்து கொட்டும் நாட்களில், தெருவிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏறும் சரிவில் பாதி தூரம் வந்ததும் மினிவேனின் முன்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழல்கின்றன. வண்டி மெல்லப் பின்னோக்கி வழுக்குகிறது. சென்ற வாரம் முழங்கால் வலியுள்ள என் மாமியார் இறங்கி, என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த ஏற்றத்தை நடந்தே கடந்தார். எனக்கு மிகவும் வருத்தமாகிவிட்டது.

கோடையில் அடிரோண்டாக் மலைப்பகுதியில், மூஸ் ரிவர் பிளெய்ன்ஸ் போன்ற சரளைச் சாலைகளில் சென்று கூடாரம் அடிப்பது எங்கள் வழக்கம். அங்கேயும் வண்டியின் அடிப்பாகம் கல்லில் தட்டுகிறது. ஆகவே, நான்கு சக்கர இயக்கமும் சற்றுக் கூடுதல் உயரமும் கொண்ட ஹைப்ரிட் (பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த) மினிவேனான டொயோட்டா சியன்னா வூட்லண்ட் ஒன்றை, பயன்படுத்தியதாக வாங்க எண்ணுகிறோம். கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு அது தகுமா?

பதில் 1

2022ஆம் ஆண்டு வூட்லண்டை மூன்று குளிர்காலங்களாக ஓட்டி வருகிறேன். அதன் நிறை, குறை இரண்டுமே நான்கு சக்கர இயக்கம் அமைந்திருக்கும் விதத்திலிருந்துதான் வருகின்றன. முன்னாலிருக்கும் 2.5 லிட்டர் எஞ்சினிலிருந்து பின்சக்கரங்களுக்கு எந்தத் தண்டும் ஓடுவதில்லை; பின் அச்சில் தனியாக ஒரு மின்மோட்டார் இருக்கிறது. வண்டி புறப்படும்போதும் முன்சக்கரம் நழுவும்போதும் அது பின்னாலிருந்து தள்ளிக் கொடுக்கிறது. இதனால்தான் இவ்வளவு பெரிய வண்டி கேலனுக்கு ஏறத்தாழ 35 மைல் தருகிறது, கடும் குளிரில் அது குறையும் என்றாலும். ஆனால் அந்த மோட்டார் சிறியது. சக்கரங்களை ஒன்றாகச் சுழலவைக்கும் லாக் வசதியோ, மெதுவாக வலுவோடு ஏற உதவும் லோ கியரோ கிடையாது. உங்கள் வீட்டுச் சரிவுக்கு அது தாராளமாகப் போதும். சேற்றுப் பள்ளத்தில் அச்சுவரை இறங்கிவிட்டால் போதாது.

உயரத்தை நம்பி ஏமாற வேண்டாம். தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி 6.9 அங்குலம், மற்ற நான்கு சக்கர சியன்னாக்களைவிட 0.6 அங்குலம்தான் அதிகம். சுபாரு அவுட்பேக் காரில் அது 8.7 அங்குலம். ஆறு பேரும் கூடாரமும் ஏறியதும் பின்பக்கம் தாழ்ந்து, அந்தக் கூடுதல் உயரத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. சரளைச் சாலையில் நிம்மதியாகப் போகலாம். கல் துருத்திக்கொண்டிருக்கும் பாதையில் நான் இறக்கியதில்லை.

நடு இருக்கைகளைக் கழற்ற முடியாது என்பது உண்மையான குறை, ஏனென்றால் அவற்றில் ஏர்பேக் இருக்கிறது. ஏற்றத்தில் எஞ்சின் இரைவதும் காதுக்கு இதமாக இருக்காது. நான் மிகவும் விரும்புவது வண்டியிலேயே பிளக் செருக இருக்கும் 1500 வாட் மின்வசதியை: எங்கள் ரைஸ் குக்கரைப் பின்கதவோரம் வைத்து, ஏரிக்கரையில் சுடச்சுடச் சோறு வடித்திருக்கிறோம். மின்கெட்டில் கொண்டுபோனால், அதன் அடியில் ஒட்டியிருக்கும் வாட் அளவைப் படித்துப் பார்க்காமல் அதைச் செருகாதீர்கள். பல கெட்டில்கள் தனியாகவே 1500 வாட்டை எட்டிவிடும்.

பதில் 2

நான் இருபது ஆண்டுகளாக வண்டி பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கிறேன். வண்டியை மாற்றுவதற்கு முன் டயரைப் பாருங்கள், நண்பரே. ஏற்றத்தில் எடை பின்பக்கம் சாய்கிறது. ஆறு பேரின் எடையும் சேரும்போது இழுக்க வேண்டிய முன்சக்கரங்களின் மேல் அழுத்தம் குறைகிறது. டயர் பட்டனின் (தரையைப் பிடிக்கும் மேடுபள்ளங்களின்) ஆழம் எவ்வளவு, டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த முத்திரை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். "எம் பிளஸ் எஸ்" (சேறும் பனியும்) என்ற எழுத்து மட்டும் இருந்தால், உங்கள் ஊர்ப் பனிக்கு அதை நம்ப முடியாது. அதோடு ஒரு முறை, சரிவிலுள்ள பனியைக் கூட்டித் தள்ளிவிட்டு, ரிவர்ஸில் மெதுவாக ஏறிப் பாருங்கள். அப்போது இழுக்கும் சக்கரங்கள் கீழ்ப்பக்கம் வருவதால் எடை அவற்றின் மேல் விழும்.

இன்னொன்று: பின் மோட்டார் ஏறுவதற்குத்தான் உதவும். காலையில் அதே சரிவில் இறங்கித் தெருவோரம் நிற்க வேண்டுமே, அப்போது பிடித்து நிறுத்துவது டயர் மட்டும்தான்.

பதில் 3

வேனிலேயே படுத்துறங்கும் எண்ணம் இருந்தால் கிரைஸ்லர் பசிஃபிகாவின் நான்கு சக்கர வகையையும் பாருங்கள். அதன் நடு இருக்கைகள் தரைக்குள்ளேயே மடங்கிவிடும். எரிபொருள் செலவு அதிகம்: கேலனுக்கு 20 மைல்தான். ஜப்பானிய வேனான மிட்சுபிஷி டெலிகாவையும் சிலர் பரிந்துரைப்பார்கள். கரடுமுரடான பாதைக்கு அது கெட்டிக்கார வண்டிதான். ஆனால் அமெரிக்காவில் 25 ஆண்டுகளைக் கடந்த டெலிகாவைத்தான் இறக்குமதி செய்ய முடியும், அதுவும் வலப்பக்க ஸ்டியரிங்கோடு. ஒரே குடும்ப வண்டியாக அதை வைத்துக்கொள்வதை நான் ஏற்க மாட்டேன்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. டயரில் மலை முத்திரை இல்லை. பட்டன் ஆழம் 32இல் 4 பங்கு அங்குலம்தான். சனிக்கிழமை சரிவிலுள்ள பனியைக் கூட்டிவிட்டு, நான்கு பேருடன் ரிவர்ஸில் ஏறினேன். ஒருமுறை நழுவியது, பிறகு மேலே வந்துவிட்டது. விண்டர் டயர் நான்குக்கும் சொல்லியிருக்கிறேன். வூட்லண்டை வசந்தத்தில் பார்க்கப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில் 1

வண்டியை லிஃப்டில் ஏற்றி, பனிக்காகச் சாலையில் தூவும் உப்பினால் அடியில் துரு பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டெப்னி இருக்கிறதா என்றும் பாருங்கள். சில சியன்னாக்களில் பஞ்சர் கிட் மட்டுமே இருக்கும். ஹைப்ரிட் பேட்டரிக்கு முதல் விற்பனைத் தேதியிலிருந்து 10 ஆண்டுகள் அல்லது 150,000 மைல் உத்தரவாதம் உண்டு, அது அடுத்த உரிமையாளருக்கும் செல்லும். மாமியாரையும் கட்டாயம் அழைத்துச் சென்று, இரண்டு மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். அந்த 0.6 அங்குலம் சாலையில் பெரிதாகத் தெரியாவிட்டாலும் அவருடைய முழங்காலுக்குத் தெரியலாம்.