மறு: ‘இன்டர்சேஞ்சபிலிட்டி’க்குத் தமிழ்ச் சொல்

வணக்கம். ஒரு வண்டியின் பாகத்தைக் கழற்றி இன்னொரு வண்டியில் மாட்ட முடிவதைத்தான் ‘இன்டர்சேஞ்சபிலிட்டி’ என்கிறோம். அதற்கான தமிழ்ச் சொல்லாக நீங்கள் சொன்னவற்றுக்கு என் பதில் இது.

> ‘பரிமாற்றத்தன்மை’ என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான். ஆனால் பரிமாற்றம் என்றால் இரண்டு பக்கமும் கொடுக்கல் வாங்கல் உண்டு. ஒரு வருஷத்துப் பிக்கப்பிலிருந்து கழற்றிய பாகத்தை வேறு வருஷத்துப் பிக்கப்பில் மாட்டும்போது பல நேரம் ஒரு பக்கம் மட்டும்தான் நடக்கும். போல்ட் அமைப்பும் ஆஃப்செட்டும் (வீலின் நடுக்கோட்டிலிருந்து போல்ட் போடும் முகம் தள்ளியிருக்கும் அளவு) ஒன்றாக இருந்தால், பெரிய பிரேக் டிஸ்க் உள்ள புதிய வண்டியின் 17 அங்குல வீல் சின்ன டிஸ்க் உள்ள பழைய வண்டியில் ஏறிவிடும். பழையதன் 15 அங்குல வீலைப் புதியதில் மாட்டினால் காலிப்பரில் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பாகம்) இடித்துக்கொண்டு நிற்கும், சுற்றாது. எந்த வண்டி ஏற்கிறது என்பதுதான் பாகம் வாங்குகிறவருக்கு வேண்டிய சேதி, அதைச் சொல்லே சொல்ல வேண்டும். அதனால் நான் முன்வைப்பது ‘மாற்றேற்பு’, அதாவது மாற்றுப் பாகத்தை வண்டி ஏற்பது.

> ‘ஆண்டுப் பொருத்தம்’ எப்படி?

ஆண்டை உள்ளே கொண்டுவர வேண்டாம். ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பின் வீலுக்கு 1997 முதல் 2003 வரை பொதுவாக 5 போல்ட், போல்ட்கள் அமரும் வட்டம் 135 மி.மீ. 2004இல் புதிய உடல் (பாடி வடிவமைப்பு) வந்தபோது வட்டம் அதேதான், போல்ட் 6 ஆகிவிட்டது. அதே 2004இல் பழைய உடலையும் ‘ஹெரிடேஜ்’ என்ற பெயரில் விற்றார்கள், அதற்கு 5 போல்ட்தான். ஆக ‘2004 வீல்’ என்று கேட்டு வாங்கினால் எது கையில் வரும்? செவ்ரோலே சில்வராடோவிலும் 2007இல் பழைய உடல் ‘கிளாசிக்’ என்று புதியதோடு சேர்ந்தே விற்றது. ஆண்டைவிடத் ‘தலைமுறை’ நம்பகமானது, அதைக்கூட அடைமொழியாக வைத்தால் போதும்.

‘மாற்றுத்தகவு’ காதுக்கு நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தகவு என்பதை ரேஷியோவுக்கும் பலர் எழுதுகிறார்கள். பின் ஆக்சிலை மாற்றும் பேச்சில் அது பெரிய குழப்பம், ஏனென்றால் நாலு வீல் டிரைவ் வண்டியில் முன்னால் 3.73, பின்னால் 4.10 என்று கிரவுன் விகிதம் (ஆக்சிலுக்குள் உள்ள கியர்களின் பல் விகிதம்) வேறுபட்டால் 4x4 போட்டுக் கெட்டியான சாலையில் ஓட்டும்போது இரண்டும் ஒன்றையொன்று இழுத்து டிரான்ஸ்ஃபர் கேஸே (முன், பின் ஆக்சிலுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் பெட்டி) போய்விடலாம். அங்கே விகிதம் பற்றித்தான் ஓயாமல் பேச வேண்டியிருக்கும்.

அப்புறம், மாட்டுவது வேறு, இயங்குவது வேறு. இம்மொபிலைசர் (பதிந்த சாவி இல்லாமல் எஞ்சின் எடுக்காதபடி தடுக்கும் கருவி) உள்ள வண்டிக்கு இன்னொன்றின் ஈசியூவை (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) எடுத்து வைத்தால் பிளக் அழகாக உட்காரும், சாவியைப் புதிதாகப் பதியாமல் எஞ்சின் எடுக்காது. இதைக் ‘குறை மாற்றேற்பு’ என்றும், கழற்றி மாட்டினால் போதும் என்பதை ‘நேர் மாற்றேற்பு’ என்றும் பிரிக்கலாம். எழுத்தில் இப்படி வரும்: “2003 எஃப்-150 வீலுக்கு 2004 ஹெரிடேஜில் நேர் மாற்றேற்பு உண்டு, புதிய உடலில் இல்லை.”

‘மாற்றேற்பு’ என்பதை ‘மாற்று ஏற்பு’ என்று பிரித்து எழுத வேண்டும் என்று நினைப்பவர்கள் சொல்லுங்கள், எனக்கு மறுப்பில்லை. ‘ஏற்பு’ மட்டும் போகக் கூடாது.