வெள்ளை அடிக்க எந்த ஆல்பம்?

குழு: பாட்டி வீடு

சரோஜா சித்தி: ஞாயிற்றுக்கிழமை பொங்கலுக்காக வீடு சுத்தம் செய்யப் போகிறோம். பரண், ஒட்டடை, பித்தளைப் பாத்திரம், பின்கட்டுச் சுவருக்கு வெள்ளை அடிப்பது எல்லாம் ஒரே நாளில். நிலா ஸ்பீக்கர் கொண்டு வருகிறாளாம். காலையிலிருந்து இருட்டும் வரை அந்த ஹெவி மெட்டல் பாட்டு இரைச்சல்தானா என்று பாட்டி கேட்கச் சொன்னார்கள்.

நிலா: ஒரே மாதிரி ஓடாது சித்தி. ஒவ்வொரு வேலைக்கும் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். பாட்டி படுக்கிற நேரத்துக்கும் தனியாக ஒன்று உண்டு.

சரோஜா சித்தி: எல்லாம் ஒரே மாதிரிதானே கேட்கிறது? எனக்கு வித்தியாசமே தெரியவில்லை.

பிரபு: மெட்டல் என்ற பெயருக்குள் ஒன்றுக்கொன்று ஒட்டாத பல வகைகள் இருக்கின்றன சித்தி. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் மூச்சு விட நேரம் இருக்கிற அளவுக்கு மெதுவாகப் போவதும் உண்டு. நிமிடத்துக்கு இருநூறு தட்டைத் தாண்டி ஓடுவதும் உண்டு. எதை எப்போது போடுவது என்று யோசிப்பதே எங்களுக்குப் பாதி சந்தோஷம்.

நிலா: ஒட்டடைக்கு ஸ்லேயர், படுவேகமாக வாசிக்கிற குழு. 1986இல் வந்த 'ரெயின் இன் பிளட்'. முழு ஆல்பமும் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கையைத் தூக்கிக்கொண்டே செய்கிற வேலையை அதற்குமேல் ஒரே மூச்சில் செய்ய முடியாது. ஆல்பம் நின்றதும் கம்பைச் சாய்த்துவிட்டு மோர் குடிக்கலாம். கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை.

பிரபு: தரையில் நின்று ஒட்டடைக் கம்பால் அடிப்பவர்களுக்குச் சரி. பரணில் ஏறிச் சாமான் இறக்கும்போது நிறுத்திவிடு. மேலே இருப்பவர் "பிடித்துக்கொள்" என்று சொல்வது கீழே கேட்க வேண்டும்.

நிலா: பரணுக்கு ஸ்பீக்கர் கிடையாது அண்ணா. அதை நானே சொல்லவிருந்தேன்.

செல்வம் மாமா: பிரபு சொல்வது சரி. என் ஆயுசில் பாதி லேத் முன்னால் போயிருக்கிறது. டூல் மழுங்கினால் முதலில் காதுக்குத்தான் தெரியும். சத்தம் கரகரவென்று மாறும், அதற்குப் பிறகுதான் கடைந்த இடத்தில் கோடு விழும். அதனால் எங்கள் பட்டறையில் ரேடியோகூட வைத்ததில்லை.

நிலா: மாமா, இதுதான் என் முதல் விதி. ஒரு வேலை தன் சத்தத்தை வைத்தே நடக்கிறது என்றால் அங்கே பாட்டு கூடாது. குக்கர் விசில் எண்ணும்போது நான் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிடுவேன்.

சரோஜா சித்தி: நல்ல பழக்கம். பித்தளைக்கு என்ன வைத்திருக்கிறாய்?

நிலா: ஜூடாஸ் பிரீஸ்ட். 1980இல் வந்த 'பிரிட்டிஷ் ஸ்டீல்'. அதில் 'மெட்டல் காட்ஸ்' என்று ஒரு பாட்டு. இரும்பு மனிதர்கள் நடந்து வருகிற சத்தம் அதில் கேட்கும். கரண்டி, முள்கரண்டி அடுக்கிய தட்டைத் தூக்கிக் குலுக்கித்தான் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்தார்கள். பாத்திரம் தேய்க்கிற இடத்தில் போட அதைவிடப் பொருத்தமானது உண்டா?

நிலா: அதன் வேகமும் முக்கியம் சித்தி. புளியும் உப்பும் வைத்து அழுத்தித் தேய்க்கிற கைக்கு அவசரப்படுத்தாத தாளம் வேண்டும். அங்கே ஸ்லேயரைப் போட்டால் கை மேலோட்டமாக ஓடும், குடத்தின் கழுத்தில் பச்சைக் களிம்பு அப்படியே நிற்கும்.

சரோஜா சித்தி: அந்தக் களிம்பு உன் கண்ணில் பட்டதே எனக்குச் சந்தோஷம். போன பொங்கலுக்கு யாருமே அதைப் பார்க்கவில்லை.

அருண்: சிங்கப்பூரிலிருந்து நானும் படித்துக்கொண்டிருக்கிறேன். நிலா, கணக்குத் தணிக்கை வேலைக்கு எதைக் கேட்கிறாய்? எனக்கு இங்கே அலுவலகத்தில் அதுதான் பெரிய பாடு.

நிலா: பின்லாந்தின் மூன்சாரோ. 2007இல் வந்த அவர்களுடைய ஐந்தாவது ஆல்பத்தில் மொத்தம் இரண்டே பாட்டு. ஒன்று அரைமணி நேரம், இன்னொன்று 26 நிமிடம். அடுத்து என்ன போடலாம் என்று கை போனுக்குப் போகாது. பாடுவது பின்னிஷ் மொழியில், எனக்கு ஒரு சொல்லும் புரியாது. புரிகிற சொல் காதில் விழுந்தால் எண்ணைக் கூட்டிக்கொண்டிருக்கிற மனது அங்கே போய்விடும். குரலும் ஒரு வாத்தியமாக இருந்துவிட்டால் தொந்தரவு இல்லை.

அருண்: உண்மை. எனக்கு இதே சிக்கல் ருத்ராவிடம் வருகிறது. 1992இல் இங்கே சிங்கப்பூரில் தொடங்கிய குழு, சித்தி. உபநிடதச் சிந்தனைகளை வைத்து டெத் மெட்டல் செய்கிறார்கள், சமஸ்கிருத சுலோகங்களும் வரும். குரல் உறுமல்தான், ஆனாலும் சிறு வயதில் மனப்பாடம் செய்த வரி வந்துவிட்டால் வாய் தானாகச் சேர்ந்துகொள்கிறது. அதனால் வேலை நேரத்தில் தொடுவதில்லை. மாலையில் ஓடப் போகும்போது அதுதான்.

சரோஜா சித்தி: சுலோகத்தை உறுமுகிறார்களா? பாட்டியிடம் சொல்லிவிடாதே.

பிரபு: நான் இன்னொன்று சொல்வேன். மிகவும் பிடித்த ஆல்பத்தை எந்த வேலைக்கும் போடக் கூடாது. எனக்கு அயர்ன் மெய்டனின் 'பவர்ஸ்லேவ்' அப்படி. கடைசிப் பாட்டு பதிமூன்றரை நிமிடத்துக்கு மேல். நடுவில் எல்லாம் அடங்கி, கப்பலின் மரச் சட்டங்கள் முனகுகிற சத்தம் மட்டும் இருக்கும், அதன்மேல் கவிதை வரிகளைச் சொல்லிக்கொண்டு போவார்கள். அந்த இடம் வரும்போது கையில் என்ன இருந்தாலும் நின்றுவிடும். 2007 மார்ச் 17 அன்று பெங்களூரு பேலஸ் மைதானத்தில் அவர்களை நேரில் பார்த்தவன் நான். அவர்களைப் பின்னணியில் ஓடவிட்டு மின்னஞ்சல் எழுத எனக்கு மனம் வராது.

நிலா: இதில் எனக்கு உடன்பாடில்லை அண்ணா. பிடித்ததைத் தள்ளி வைத்துக்கொண்டே போனால் அது வருடத்துக்கு ஒரு முறை எடுக்கிற பட்டுப்புடவையாகிவிடும். எனக்குப் பிடித்தவை எல்லாம் துணி மடிக்கும்போது கேட்டுக் கேட்டுத்தான் பிடித்தன.

பிரபு: துணி மடிப்பது வேறு. அங்கே மனது சும்மா இருக்கிறது. மனதுக்கு வேலை இருக்கிற இடத்தைத்தான் சொல்கிறேன்.

நிலா: அப்படியென்றால் சரி. நீங்கள் அலுவலகத்தில் லாக் (கணினிப் பதிவுகள்) படிக்கும்போது மெஷுகா குழுவையா கேட்கிறீர்கள்?

பிரபு: இல்லவே இல்லை. டிரம்ஸ் வாசிப்பவர் கையால் சிம்பலில் நேரான நாலு தட்டு வைத்திருப்பார். காலும் கிட்டாரும் வேறு கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டும் எங்கே வந்து சேர்கின்றன என்று எண்ணத் தொடங்கினால் திரையில் இருக்கிற பிழை கண்ணில் படாது. அதை பஸ்ஸில் கேட்பேன். பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பில் வண்டிகள் நிற்கிற நேரத்துக்கு எண்ணுவதற்கு ஏதாவது வேண்டுமே. லாக் படிக்க ரஷ்யன் சர்க்கிள்ஸ். சிகாகோக்காரர்கள், மூன்று பேர், பாடகரே கிடையாது.

சரோஜா சித்தி: ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்காதே நிலா. கோபமாக இருக்கும்போதும் நீ இதைத்தான் போடுகிறாய். அப்போது மெல்லிசை கேட்டால் மனது ஆறாதா? இது இன்னும் ஏற்றிவிடாதா?

நிலா: எனக்கு மெல்லிசைதான் ஏற்றிவிடும் சித்தி. "அமைதியாக இரு" என்று யாரோ பக்கத்தில் நின்று சொல்வது போல இருக்கும். இதை ஆய்வு செய்தும் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் மெட்டல் போன்ற கடுமையான இசையின் ரசிகர்கள் 39 பேரை அழைத்து, கோபம் வந்த சம்பவங்களைப் பற்றி 16 நிமிடம் பேசவைத்தார்கள். பிறகு பாதிப் பேர் தங்களுக்கு விருப்பமான பாட்டைப் பத்து நிமிடம் கேட்டார்கள், மற்றவர்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். 2015இல் முடிவு வந்தது. இரண்டு பக்கமும் எரிச்சல் தணிந்தது. பாட்டு கேட்டவர்களுக்கு இதயத் துடிப்பு இறங்கவில்லை, ஏறவும் இல்லை. கூடவே ஓர் உற்சாகம் வந்திருந்தது. சும்மா இருந்தவர்களிடம் அது இல்லை.

நிலா: ஆனால் அத்தனை பேரும் ஏற்கெனவே ரசிகர்கள். அதனால் நீங்கள் கோபமாக இருக்கும்போது நான் ஸ்லேயர் போட மாட்டேன். உங்களுக்கு எது சரி என்று உங்களுக்குத்தான் தெரியும்.

சரோஜா சித்தி: எனக்குப் பழைய பாட்டு இருக்கிறது, போதும்.

அருண்: துக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அப்பா இறந்த மாதத்தில் என்னால் தமிழ்ப் பாட்டு எதையும் கேட்க முடியவில்லை. எல்லா வரியும் அவரைப் பற்றியே பாடுவது போல் இருந்தது. அப்போது எனக்குத் துணையாக இருந்தது ஸ்கெப்டிசிசம், அதுவும் பின்லாந்துதான். டூம் என்றால் மெதுவாகப் போகிற மெட்டல், அதில் ஃபியூனரல் டூம் என்று இந்த வகைக்குப் பெயர். தேவாலய ஆர்கன் போல ஒரு ஒலி அடியில் நீண்டுகொண்டே இருக்கும், டிரம்ஸ் எப்போதாவது ஒரு அடி. ஊரில் அப்பாவுக்கு ஒப்பாரி வைத்த அந்த வயதான அம்மாவை நினைத்துக்கொள்வேன். அவர் யாரையும் தேற்றவில்லை. அழுகிறவர்களோடு கூட உட்கார்ந்து இழுத்து இழுத்துப் பாடினார், அவ்வளவுதான். இந்த இசையும் அப்படித்தான் கூட இருந்தது.

சரோஜா சித்தி: அருண், நீ அங்கே தனியாக என்ன செய்துகொண்டிருக்கிறாயோ என்று அக்காவும் நானும் பேசிக்கொண்டே இருப்போம். சொன்னாயே, நல்லது கண்ணா.

நிலா: அண்ணா 🙏

செல்வம் மாமா: பெரியவர் என்னிடம்கூடக் கடைசியாக உன்னைப் பற்றித்தான் பேசினார் அருண். பொங்கலன்று பேசுகிறேன், போனை எடு.

அருண்: கட்டாயம் மாமா.

செல்வம் மாமா: ஒரு சந்தேகம். இதையெல்லாம் முதலில் ஆரம்பித்து வைத்தது யார்? இரும்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பிரபு: மாமா, இது உங்களுக்கே சொல்ல வேண்டிய கதை. இங்கிலாந்தில் பர்மிங்காம். நம் கோயம்புத்தூர் மாதிரி பட்டறைகளும் வார்ப்படங்களும் நிறைந்த ஊர். டோனி அயோமி என்ற 17 வயதுப் பையன் தகடு வேலை செய்கிற தொழிற்சாலையில் இருந்தார். கிட்டார் வாசிக்கத் தொழில்முறையாக வாய்ப்பு வந்ததால் வேலையை விடுகிறார். கடைசி நாள். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போக வேண்டாம் என்றுதான் இருந்தார். எடுத்த வேலையை முறையாக முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பிவைத்தார். தகடு அழுத்துகிற பிரஸ் இயந்திரத்தை ஓட்டுபவர் அன்று வரவில்லை, இவரை அங்கே நிறுத்தினார்கள்.

செல்வம் மாமா: பழக்கமில்லாத பையனைப் பிரஸ்ஸில் நிறுத்தினார்களா? மேலே படிக்கவே கை கூசுகிறது.

பிரபு: வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் போய்விட்டன. இடதுகைக்காரர், அதனால் தந்தி அழுத்துவதே அந்த வலது கைதான். இனி வாசிக்க முடியாது என்றார்கள். தொழிற்சாலை மேலாளர் வீட்டுக்கு வந்து ஓர் இசைத்தட்டைக் கொடுத்தார். ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் தட்டு. தீ விபத்தில் இரண்டு விரல்கள் செயலிழந்த பிறகும் கிட்டாரில் மேதையாக இருந்தவர் அவர். அதைக் கேட்ட அயோமி, பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்து, மேலே பழைய ஜாக்கெட்டின் தோலை ஒட்டிக்கொண்டார்.

செல்வம் மாமா: தோல் எதற்கு என்று புரிகிறது. வெறும் பிளாஸ்டிக் என்றால் தந்தியில் வழுக்கும்.

பிரபு: அதேதான் மாமா. இறுக்கமான தந்தியை அழுத்த முடியவில்லை என்பதால் மெல்லிய தந்தி போட்டார். 1971இல் தன் குழுவின் மூன்றாவது ஆல்பத்தில் சுருதியையே மூன்று அரைச்சுரம் கீழே இறக்கினார். தந்தி தளர்ந்தது, ஒலி கனத்தது. அந்தக் கனம்தான் இன்று நிலா கேட்கிற டூம், அருண் சொன்ன டூம் எல்லாவற்றுக்கும் அடி. குழுவின் பெயர் பிளாக் சபாத். 2025 ஜூலை 5 அன்று, அவர்கள் வளர்ந்த ஆஸ்டன் பகுதியில் இருக்கிற வில்லா பார்க் மைதானத்திலேயே நான்கு பேரும் சேர்ந்து கடைசியாக வாசித்தார்கள். அந்த மாதம் 22ஆம் தேதி பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் காலமானார்.

செல்வம் மாமா: எங்கள் பக்கத்துப் பட்டறையில் ஒருவருக்கு இப்படித்தான் ஆனது. நன்றாகத் தவில் வாசிப்பார். அதன் பிறகு தவிலை எடுக்கவே இல்லை. இந்தப் பையனின் கதையை அப்போது யாராவது அவரிடம் சொல்லியிருக்கலாம்.

செல்வம் மாமா: நிலா, வெள்ளை அடிக்கும்போது என்ன போடுவதாக இருந்தாய்?

நிலா: ஸ்லீப் என்ற குழுவின் 'டோப்ஸ்மோக்கர்' மாமா. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற ஒரே பாட்டு. மட்டையை மேலிருந்து கீழே மெதுவாக இழுக்க அந்த வேகம் சரியாக இருக்கும், சுண்ணாம்பு தெறிக்காது. ஆனால் அவர்களும் அயோமியிடம் கற்றவர்கள்தான்.

செல்வம் மாமா: அப்படியென்றால் அவரையே போடு. அந்த மூன்றாவது ஆல்பம். பின்கட்டுச் சுவர் என் பொறுப்பு. சத்தத்தை மட்டும் அளவாக வை. பட்டறையில் எனக்கு ஒரு காது போனது போதும்.

நிலா: அளவாகத்தான் மாமா. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 என்றால் நான்கே மணி நேரம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். போனில் அளந்து பார்த்துத்தான் வைப்பேன். உங்கள் நல்ல காதுப் பக்கம் ஸ்பீக்கர் இருக்காது.

சரோஜா சித்தி: பாட்டி மதியம் இரண்டு மணிக்குப் படுப்பார்கள். அதற்கு ஏதோ வைத்திருக்கிறேன் என்றாயே.

நிலா: ஸ்வீடனின் ஓபெத். 'டெலிவரன்ஸ்', 'டாம்நேஷன்' என்று இரண்டு ஆல்பங்களை ஒன்றாகவே பதிவு செய்து, 2002இல் ஒன்றும் 2003இல் இன்னொன்றும் வெளியிட்டார்கள். முதலாவது இடி. இரண்டாவதில் உறுமலே கிடையாது, மெல்லோட்ரான் என்ற பழைய கீபோர்டும் மென்மையான குரலும்தான். பாட்டிக்கு இரண்டாவது, அதுவும் கூடத்துக் கதவைச் சாத்திவிட்டு.

சரோஜா சித்தி: பாட்டியிடம் வாசித்துக் காட்டினேன். கதவைச் சாத்த வேண்டாம், எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பார்க்கிறேன் என்கிறார்கள்.

சரோஜா சித்தி: எல்லாரும் எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள். பிரபு, சுண்ணாம்பும் நீலமும் வாங்கிக்கொண்டு வா. மட்டை அண்ணன் வீட்டில் இருக்கிறது.