இரண்டு விஎம் நடுவே ஒரு ரிங்: நீங்கள் பட்ட அனுபவங்களைச் சொல்லுங்கள்

ஒரே இயந்திரத்தில் ஓடும் இரண்டு விஎம்-கள் (மெய்நிகர் கணினிகள்) கொஞ்சம் மெமரியைப் பகிர்ந்துகொண்டு, அதில் ஒரு ரிங் பஃபர் (கடைசி இடம் முடிந்ததும் முதலிடத்துக்கே திரும்பும் வரிசை) வைத்துப் பேசிக்கொள்ளும் அமைப்பில் வேலை செய்தவர்களிடம் கேட்கிறேன். எனக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

விஎம்-களை ஓட்டும் அடித்தள மென்பொருளான ஸென் ஹைப்பர்வைசரில் நாங்களே எழுதிய டிரைவர் ஜோடி. கேட்கும் விஎம்-இல் ஃப்ரன்ட்எண்ட், செய்து தரும் விஎம்-இல் பேக்எண்ட். நடுவில் 4096 பைட் பக்கம் ஒன்று, கிராண்ட் டேபிள் (மெமரியைப் பகிர ஸென் தரும் வழி) வழியாகப் பகிர்ந்தது. அதில் 32 இடங்கள் கொண்ட ரிங். கோரிக்கையைப் போட்டதும் ஈவென்ட் சேனலில் (ஸென்னின் அறிவிப்பு வழி) ஒரு தட்டு, மறுபக்கம் விழித்து எடுத்துக்கொள்ளும். எடுத்து முடித்த இடங்களிலேயே பதிலும் எழுதப்படும்.

பகலெல்லாம் சோதித்தால் நன்றாக ஓடும். ஆறேழு மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் எப்போதாவது ஒருமுறை அப்படியே நின்றுவிடும். பிழைச்செய்தி கிடையாது, கெர்னல் விழவில்லை, சிபியு சும்மா இருக்கிறது. லூப்பில் ஒரு லாக் வரி சேர்த்தால் இரண்டு நாள் ஆனாலும் நிற்காது. எடுத்துவிட்டால் மறுபடி நிற்கும். நேரம் சம்பந்தப்பட்ட கோளாறு என்று அப்போதே புரிந்தது, எங்கே என்றுதான் தெரியவில்லை.

மூன்றாவது முறை நின்றபோது எதையும் தொடாமல் ரிங்கின் தலைப்பகுதியை மட்டும் படித்தேன்.

ரெக்_ப்ராட் (இதுவரை போட்ட கோரிக்கைகள்): 4159
ரெக்_ஈவென்ட் (எந்த எண்ணில் எழுப்ப வேண்டும் என்பது): 4128
ஆர்எஸ்பி_ப்ராட் (இதுவரை எழுதிய பதில்கள்): 4127

பேக்எண்ட் தன்னிடம் வைத்திருக்கும் 'இதுவரை எடுத்தது' எண்ணும் 4127. கழித்தால் 32. ரிங் விளிம்புவரை நிரம்பிக் கிடக்கிறது, எடுக்க வேண்டியவர் தூங்குகிறார். பேக்எண்டைக் கையால் ஒருமுறை எழுப்பிப் பார்த்தேன். 32 கோரிக்கைகளும் ஒரே மூச்சில் முடிந்து வேலை தொடர்ந்தது. ஆக, தரவு எதுவும் கெடவில்லை. ஒரே ஒரு தட்டு தொலைந்திருக்கிறது.

எப்படித் தொலைந்தது? ஒவ்வொரு கோரிக்கைக்கும் தட்டினால் ஹைப்பர்கால் (ஹைப்பர்வைசரைக் கூப்பிடுவது) செலவு கட்டுப்படியாகாது. அதனால் பேக்எண்ட் தூங்கப்போகும் முன் ரெக்_ஈவென்ட்டில் ஒரு எண்ணை எழுதி வைக்கும். 'இந்த எண் வரும்போது மட்டும் என்னை எழுப்பு' என்று பொருள். ஃப்ரன்ட்எண்ட் புதிதாக ஒன்றைப் போடும்போது, தன் பழைய எண்ணிலிருந்து புதிய எண்ணுக்குப் போகும் வழியில் அது இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் தட்டும், இல்லையென்றால் பேசாமல் போய்விடும். எங்கள் பேக்எண்ட் 4127 வரை முடித்துவிட்டு, ரிங் காலி என்று பார்த்துவிட்டது. ரெக்_ஈவென்ட்டில் 4128 என்று எழுத வேண்டும். அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில் ஃப்ரன்ட்எண்ட் இன்னொரு கோரிக்கையைப் போட்டு ரெக்_ப்ராடை 4128 ஆக்கிவிட்டது. அங்கே அப்போது இருந்தது பழைய எண், அதனால் தட்டவில்லை. அதற்குப் பிறகுதான் பேக்எண்ட் 4128 என்று எழுதிவிட்டுத் தூங்கியது.

என்னை உலுக்கியது அடுத்த பகுதி. சரி, அதற்கடுத்த கோரிக்கை வந்தபோதாவது தட்டியிருக்க வேண்டாமா? தட்டாது. 4128-இலிருந்து 4129-க்குப் போகும் வழியில் 4128 இல்லை, அது ஏற்கெனவே கடந்துபோன எண். 4130-க்கும் இதே கதி. ரிங் நிரம்பி ஃப்ரன்ட்எண்டும் நிற்கும்வரை யாரும் யாரையும் எழுப்பப் போவதில்லை.

தீர்வு சின்னது. ரெக்_ஈவென்ட் எழுதிய பிறகு ஒரு முழு மெமரி பேரியர் (எழுதுவதும் படிப்பதும் வரிசை மாறாமல் காக்கும் கட்டளை), அப்புறம் ரெக்_ப்ராடை இன்னொரு முறை பார்ப்பது. புதிதாக ஏதாவது இருந்தால் தூங்காமல் லூப்புக்குத் திரும்ப வேண்டும். ஸென் தரும் ரிங் ஹெடர் கோப்பில் இந்த இறுதிச் சோதனைக்கென்றே மேக்ரோ இருக்கிறது. நாங்கள் அதை விட்டுவிட்டுச் சொந்தமாக லூப் எழுதியிருந்தோம். தயவுசெய்து அந்த மேக்ரோக்களையே பயன்படுத்துங்கள்.

* * *

உங்களுடையது நின்றுபோனது, அதனால் தெரிந்தது. எனக்கு வாய்த்தது வெளியே எதுவுமே தெரியாத வகை.

2015 டிசம்பரில் ஸென் திட்டம் 155-ஆம் எண் பாதுகாப்பு அறிவிப்பை வெளியிட்டது. பகிர்ந்த மெமரியில் உள்ள ஒரு மதிப்பை பேக்எண்ட் இரண்டு முறை படித்தால், நடுவே எதிர்ப்பக்கம் அதை மாற்றிவிட முடியும் என்பது அதன் சாரம். படித்துவிட்டு, நம் கோடில் ஒரே ஒரு முறைதான் படிக்கிறோம் என்று நிம்மதியாக இருந்தேன். கூட வேலை பார்த்தவர் விடவில்லை, அசெம்பிளியைத் திறந்து பார்த்துவிடலாம் என்றார்.

ஸென் பிளாக் (டிஸ்க்) கோரிக்கை ஒன்றில் எத்தனை செக்மென்ட் (தரவுத் துண்டு) என்ற எண் ஒரு பைட்டில் இருக்கும். சாதாரணக் கோரிக்கைக்கு அதிகபட்சம் 11. எங்கள் சி கோடில் அதை லோக்கல் மாறியில் எடுக்கிறோம், 11-ஐத் தாண்டுகிறதா என்று பார்க்கிறோம், அப்புறம் லூப். கண்ணுக்கு ஒரே படிப்பு. அசெம்பிளியில் அதே முகவரியிலிருந்து இரண்டு லோட் (மெமரிப் படிப்பு) இருந்தன. ஒன்று ஒப்பீட்டுக்கு முன்னால், இன்னொன்று லூப்புக்கு முன்னால். ரெஜிஸ்டரைக் காலிசெய்ய வேண்டி வந்ததால், மதிப்பை எடுத்து வைப்பதை விட்டுவிட்டு மூல இடத்திலிருந்தே மறுபடி படித்துக்கொண்டது கம்பைலர். அதற்கு அந்த உரிமை உண்டு. அந்த இடத்தை இன்னொருவர் எந்த நேரமும் மாற்றலாம் என்று நாங்கள் அதற்குச் சொல்லவே இல்லையே.

முதல் லோடில் 5 வந்தால் சோதனையில் தேறிவிடும். இரண்டாவது லோடில் 200 வந்தால், 11 இடங்களே உள்ள அரேயில் 200 முறை எழுதும், அதுவும் அதிக உரிமை உள்ள விஎம்-இன் கெர்னலுக்குள். எங்களை யாரும் இப்படித் தாக்கவில்லை. ஆனாலும் மனம் ஒப்பாமல் ஒரு சோதனை ஃப்ரன்ட்எண்ட் எழுதினேன். ஒரு சிபியு அந்த ஒரு பைட்டை 5, 200, 5, 200 என்று மாற்றிக்கொண்டே இருக்கும், இன்னொன்று கோரிக்கை அனுப்பிக்கொண்டே இருக்கும். சில நிமிடங்களில் பேக்எண்ட் விழுந்தது. திரையில் அதைப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் அந்தக் கோடு பல மாதங்களாக ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது முழுக் கோரிக்கையையும் முதலில் எங்கள் சொந்த மெமரிக்கு நகலெடுக்கிறோம், உடனே ஒரு கம்பைலர் பேரியர் (கம்பைலர் மறுபடி மூல இடத்தைப் படிக்காமல் தடுப்பது). சோதிப்பதும் பயன்படுத்துவதும் நகலை மட்டுமே. கோடு மறுஆய்வில் பகிர்ந்த பக்கத்துக்கான பாயின்டரை எங்கே பார்த்தாலும் நான் இன்னும் நிறுத்திக் கேள்வி கேட்கிறேன்.

* * *

விர்ட்டியோ (விஎம்-களுக்கான பொதுவான மெய்நிகர் சாதன முறை) பக்கத்திலிருந்து சின்ன அனுபவம். அங்கே ரிங் இன்டெக்ஸ்கள் 16 பிட், ரிங்கின் அளவு எதுவானாலும் 65,535 வரை ஏறி மறுபடி 0-க்கு வரும். நண்பர் ஒருவர் எழுதிய சோதனைக் கருவியில் 'புதியது பழையதைவிடப் பெரிதா' என்று நேராக ஒப்பிட்டிருந்தார். முதல் 65,535 பேக்கெட் குறையில்லாமல் போனது, அதற்குப் பிறகு ஒன்றுகூடப் போகவில்லை. கழித்துப் பார்த்து, வித்தியாசத்தை 16 பிட்டாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். இப்போதெல்லாம் சோதனை எழுதும்போது இன்டெக்ஸை 65,530-இல் தொடங்கவைக்கிறோம், பத்தாவது பேக்கெட்டுக்குள் விஷயம் தெரிந்துவிடும்.

* * *

முதலில் எழுதியவர் சொன்ன அதே இடத்தில் நானும் மாட்டினேன். வித்தியாசம் என்னவென்றால், எங்கள் கோடில் இறுதிச் சோதனையும் இருந்தது, பேரியரும் இருந்தது. இருந்தும் நின்றது.

ஒரே விசிபியு (மெய்நிகர் சிபியு) கொடுத்த சின்ன கெஸ்ட் (விஎம்) அது. அதற்கென்று கெர்னலை எஸ்எம்பி (பல சிபியு ஆதரவு) இல்லாமல் கம்பைல் செய்திருந்தார்கள். அப்படிச் செய்தால், பல சிபியுக்களுக்கான மெமரி பேரியர்கள் வெறும் கம்பைலர் பேரியராகச் சுருங்கிவிடும். ஒரே சிபியுதான் இருக்கிறது, யாரிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்பது கெர்னலின் கணக்கு. கெஸ்ட்டைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் ரிங்கின் மறுமுனை வேறொரு நிஜ சிபியுவில் ஓடுகிறதே! எக்ஸ்86-இல்கூட, ஒன்றை எழுதிவிட்டு வேறொன்றைப் படிக்கும்போது, படிப்பு முந்திக்கொள்ளலாம். ஈவென்ட் எண்ணை எழுதிவிட்டு ப்ராடைப் படிப்பது அச்சாக அந்த வகை.

2016-இல் வந்த லினக்ஸ் 4.5-இல் இதற்காகவே 'விர்ட்' என்று தொடங்கும் தனி பேரியர் வரிசை சேர்ந்தது. கெஸ்ட் எப்படி கம்பைல் ஆனாலும் அவை சுருங்காது. நாங்கள் அதற்கு மாறினோம், அதோடு தீர்ந்தது. அதுவரை தேடியது ஐந்து வாரம்.

* * *

இதையெல்லாம் படித்தபோது, ஏன் இரண்டு விஎம்-களும் ஒரே பக்கத்தில் கை வைக்க வேண்டும் என்ற கேள்வியைக் கேட்கத் தோன்றியது. நாங்கள் அந்தக் கேள்வியில் தொடங்கித்தான் விஎம்-கள் செய்தி அனுப்ப ஸென் தரும் ஆர்கோ என்ற முறைக்குப் போனோம். 2019-இல் வந்த ஸென் 4.12-இல் அது சேர்ந்தது, ஓபன்எக்ஸ்டி என்ற ஸென் சார்ந்த திட்டத்தில் இருந்த வி4வி என்ற முறையின் வழியில் வந்தது.

அதில் ரிங் பெறுபவருடைய மெமரி. அவர்தான் ஹைப்பர்வைசரிடம் பதிவு செய்வார். அனுப்பும் விஎம்-க்கு அந்தப் பக்கம் மேப் ஆகவே ஆகாது. அது ஹைப்பர்கால் போடும், ஹைப்பர்வைசர் தானே தரவை நகலெடுத்து ரிங்கில் எழுதும். ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் 16 பைட் தலைப்பு இருக்கும். எந்த டொமைனிலிருந்து (ஸென்னில் விஎம்-க்குப் பெயர்) வந்தது என்று அதில் எழுதுவது ஹைப்பர்வைசர். அனுப்புபவர் வேறு பெயரில் வர முடியாது. எங்கள் செய்திகள் சில நூறு பைட் கட்டளைகள்தான், நகலெடுக்கும் செலவு அளந்து பார்த்தும் கண்ணில் படவில்லை. டிஸ்க் மாதிரி பெரிய தரவு ஓடும் இடத்தில் இதைப் பரிந்துரைக்க மாட்டேன், அங்கே பகிர்ந்த ரிங்தான் சரி.

ஆனாலும் நின்றுபோகும் வியாதி இங்கேயும் வந்தது. ரிங்கில் இடம் இல்லாவிட்டால் அனுப்புபவருக்கு 'பிறகு முயற்சி செய்' என்ற பிழை வரும். இத்தனை பைட் இடத்துக்காக ஒருவர் காத்திருக்கிறார் என்று ஹைப்பர்வைசர் குறித்துக்கொள்ளும், இடம் வந்ததும் அவருக்கு இன்டரப்ட் கொடுக்கும். நாங்கள் கவனிக்காமல் விட்டது, இடம் வந்தது ஹைப்பர்வைசருக்கு எப்படித் தெரியும் என்பதை. பெறுபவர் படித்து முடித்து ரிங்கில் தன் எண்ணை நகர்த்துவது வெறும் மெமரி எழுத்து, அது ஹைப்பர்வைசரை எழுப்பாது. பெறுபவர் 'நோட்டிஃபை' ஹைப்பர்கால் போட்டால்தான் அது ரிங்கைப் பார்த்து, காத்திருப்பவருக்குச் சொல்லும். எங்கள் பெறும் லூப்பில் அந்த அழைப்பு இல்லை. சுமை குறைவாக இருந்தவரை ரிங் நிரம்பவே இல்லை, அதனால் மூன்று மாதம் யாருக்கும் தெரியவில்லை. சுமை ஏறிய முதல் நாளே அனுப்பும் பக்கம் நின்றது. பெறும் பக்கத்தில் ரிங் காலி, அனுப்பும் பக்கத்தில் வரிசை நீளம். லூப்பின் முடிவில் அந்த அழைப்பைச் சேர்த்தோம், சரியாகிவிட்டது.

போக நினைப்பவர்களுக்கு இன்னொன்று. ஆர்கோ தானாக இயங்காது, பூட் வரியில் இயக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் அனுப்பலாம் என்ற பொது ரிங்குக்கு அதற்கு மேலும் ஒரு அனுமதி வேண்டும். அந்த அனுமதியைக் கொடுக்கும் முன் யோசியுங்கள். எங்கள் சோதனையில் ஒரே ஒரு விஎம் பொது ரிங்கை நிரப்பிவிட்டு மற்ற நான்கையும் வாசலில் நிற்க வைத்தது. அனுப்புபவர் ஒவ்வொருவருக்கும் தனி ரிங் பதிவு செய்த பிறகு, நிரப்புகிறவர் தன் ரிங்கை மட்டுமே நிரப்பிக்கொள்கிறார்.