"அன்லாக்ட்" பிக்ஸலில் ஓஇஎம் அன்லாக்கிங் திறக்கவில்லை, லினேஜ் போனில் கால் போகவில்லை: உதவி தேவை

தேக்காவாசி

வணக்கம். கையில் இரண்டு போன், ஆளுக்கொரு சிக்கல்.

முதலாவது, செகண்ட் ஹேண்ட் பிக்ஸல் 7. விளம்பரத்தில் "ஃபுல்லி அன்லாக்ட், யுஎஸ் செட்" என்று இருந்தது. உள்ளூர் சிம் போட்டதும் லைன் வந்துவிட்டது. கால், டேட்டா எல்லாம் சரி. இதில் கிராஃபீன்ஓஎஸ் (பிக்ஸலுக்கான, பாதுகாப்பை முன்வைக்கும் மாற்று ஆண்ட்ராய்டு) போட வேண்டும். பில்ட் நம்பரை ஏழு முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்தால், ஓஇஎம் அன்லாக்கிங் (வேறு ஓஎஸ் போட முதலில் ஆன் செய்ய வேண்டியது) சுவிட்ச் சாம்பல் நிறத்தில் இருக்கிறது, தொட்டால் அசையவில்லை. ஃபேக்டரி ரீசெட் செய்தும் அப்படியேதான்.

இரண்டாவது, ரெட்மி நோட் 10 ப்ரோ, லினேஜ்ஓஎஸ் (இன்னொரு மாற்று ஆண்ட்ராய்டு) போட்டது. 4ஜி டேட்டா நன்றாக ஓடுகிறது. சாதாரண கால் மட்டும் இரண்டு நொடியில் துண்டிக்கிறது. யாராவது கூப்பிட்டால் மணி அடிப்பதே இல்லை. அதே சிம்மை வேறு போனில் போட்டால் பிரச்சினை இல்லை. ஏபிஎன்னை (டெல்கோ நெட்வொர்க்கோடு இணையும் அமைப்பு) அழித்துவிட்டுக் கையால் புதிதாகப் போட்டிருக்கிறது.

சிங்பாஸ் (சிங்கப்பூர் அரசின் டிஜிட்டல் அடையாள ஆப்), பேங்க் ஆப்களுக்கு என்ன வழி என்பதையும் சொன்னால் நல்லது.

பூட்டுக்காரன்

பிக்ஸலை முதலில் பார்ப்போம். "அன்லாக்ட்" என்று விற்றவர் சொன்னது சிம் பூட்டை (ஒரே டெல்கோவின் சிம்மை மட்டும் ஏற்க வைப்பது). நீங்கள் திறக்கப் பார்ப்பது பூட்லோடர் பூட்டை (வேறு ஓஎஸ் ஏற்ற விடாமல் தடுப்பது). இரண்டும் வேறு வேறு. சிங்கப்பூரில் டெல்கோக்கள் விற்கும் போன்களில் சிம் பூட்டு இல்லை என்பதால் இங்கே பலருக்கு இந்த வித்தியாசமே தெரிய வருவதில்லை. அமெரிக்கச் செட் வாங்கும்போதுதான் இது இடிக்கும்.

ரீசெட் செய்தபின் போன் இன்டர்நெட்டில் இருந்ததா? வைஃபை இல்லாமல் பார்த்தால் நல்ல பிக்ஸலிலும் அந்தச் சுவிட்ச் சாம்பலாகவே நிற்கும். போன் ஒருமுறை கூகுள் சர்வரைக் கேட்டு, தன் ஐஎம்இஐ (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி எண்) எந்த வகையைச் சேர்ந்தது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அது உயிர்பெறும். வைஃபையில் போட்டு, சில நிமிடம் விட்டு, ரீஸ்டார்ட் செய்து மறுபடி பாருங்கள்.

அப்போதும் அசையவில்லை என்றால் இரண்டு வாய்ப்புதான். ஒன்று, சிம் பூட்டு இன்னும் நீங்காத அமெரிக்கத் தவணை போன். அவற்றில் சிம் பூட்டு நீங்கியதும் ஓஇஎம் சுவிட்சும் பெரும்பாலும் திறந்துகொள்ளும். உங்களுடையதில் உள்ளூர் சிம் வேலை செய்கிறது, அதனால் அது இல்லை. மிச்சம் இருப்பது வெரைசன் என்ற அமெரிக்க டெல்கோவுக்காகச் செய்த வகை. அதில் சிம் பூட்டு போனாலும் பூட்லோடர் திறக்காது. கூகுள் சர்வரே "முடியாது" என்றுதான் பதில் சொல்லும். ஏடிபியில் (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) ஏதோ ஒரு பேக்கேஜை நீக்கினால் திறக்கும் என்று பழைய வீடியோக்கள் சுற்றுகின்றன. அது தொடக்ககாலப் பிக்ஸல்களோடு முடிந்த கதை. "ஐஎம்இஐ அன்லாக்" என்று காசு கேட்பவர்கள் திறப்பதும் சிம் பூட்டைத்தான். கொடுத்துவிடாதீர்கள்.

யீஷூன் 4ஜி

ரெட்மிக்கு நான் சொல்கிறேன்.

இங்கே 2ஜி 2017 ஏப்ரலில் போனது, 3ஜி 2024இல் போனது. முன்பு வோல்டிஇ (4ஜி வழியாகவே கால் பேசும் வசதி) இல்லாத போன் கால் வந்ததும் 3ஜிக்கு இறங்கிப் பேசும். திரையின் மேலே எச் என்று மாறும், நினைவிருக்கலாம். இப்போது இறங்குவதற்குக் கீழே ஒன்றும் இல்லை. வோல்டிஇ பதிவாகாவிட்டால் டேட்டா ஓடும், கால் ஓடாது. நீங்கள் சொல்லும் அறிகுறி அச்சு அசல் இதுதான்.

*#*#4636#*#* என்று டயல் செய்யுங்கள். போன் இன்ஃபர்மேஷனில் மேலே மூன்று புள்ளி, அதில் ஐஎம்எஸ் சர்வீஸ் ஸ்டேட்டஸ் (வோல்டிஇ கால்களை நடத்துவது ஐஎம்எஸ்தான்). "நாட் ரிஜிஸ்டர்ட்" என்று இருந்தால் காரணம் பெரும்பாலும் ரெட்மி பற்றி நீங்கள் எழுதிய கடைசி வரியில்தான், அந்த ஏபிஎன்னில்தான் இருக்கிறது. வோல்டிஇ சாதாரண டேட்டா ஏபிஎன்னில் போவதில்லை, அதற்கு ஐஎம்எஸ் வகையில் தனி ஏபிஎன் உண்டு. கையால் போடுபவர்கள் டெல்கோ பக்கத்தில் இருக்கும் டேட்டா ஏபிஎன்னை மட்டும் போட்டு, பழையதை அழித்துவிடுவார்கள். ஏபிஎன் பக்கத்தில் மூன்று புள்ளி, "ரீசெட் டு டிஃபால்ட்". பிறகு சிம் செட்டிங்ஸில் 4ஜி காலிங் சுவிட்ச் ஆன், விமானப் பயன்முறையைப் போட்டு எடுங்கள், ஒரு நிமிடம் பொறுத்து அதே பக்கத்தைப் பாருங்கள்.

4ஜி காலிங் சுவிட்சே காணவில்லை என்றால் அது வேறு வியாதி: மோடம் ஃபர்ம்வேர் (நெட்வொர்க் சிப்பை இயக்கும் மென்பொருள்) பழையது, அல்லது வேறு நாட்டுக்கானது. லினேஜ் ஓஎஸ்ஸை மட்டும்தான் மாற்றும். மோடம் ஷாவ்மி வைத்தபடியே இருக்கும். உங்கள் மாடலுக்கான லினேஜ் விக்கிப் பக்கம் எந்த ஃபர்ம்வேர் கேட்கிறதோ அதை முதலில் ஏற்ற வேண்டும்.

*#*#86583#*#* அடித்தால் வோல்டிஇ வந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். அது ஷாவ்மியின் சொந்த ஓஎஸ்ஸில் டெல்கோ சோதனையைத் தாண்டும் கோடு. லினேஜில் அடித்தால் ஒன்றும் நடக்காது.

சரியானதும் வீட்டு எண்ணுக்கோ நண்பருக்கோ அடித்துச் சோதியுங்கள். 995, 999க்கு அடித்துப் பார்க்காதீர்கள். ஆனால் வோல்டிஇ இல்லாத போனை நம்பி வெளியே போகவும் வேண்டாம், அவசர அழைப்புக்கும் 3ஜி இல்லை.

தேக்காவாசி

ரெட்மி சரியாகிவிட்டது. ஏபிஎன் ரீசெட் செய்ததும் "ரிஜிஸ்டர்ட்" வந்தது, இரண்டு பக்கமும் கால் போகிறது. நன்றி அண்ணே.

பிக்ஸலை வைஃபையில் விட்டு ரீஸ்டார்ட் செய்தும் சுவிட்ச் அசையவில்லை. அப்படியானால் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டுமா? வேறு எது வாங்கலாம்? சாம்சங் மலிவாகக் கிடைக்கிறது.

பூட்டுக்காரன்

திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் அது நல்ல சாதாரண ஆண்ட்ராய்டு போன், அவ்வளவுதான்.

சாம்சங் வேண்டாம். பூட்லோடரைத் திறந்து வேறு ஓஎஸ் போட்டாலே நாக்ஸ் ஃபியூஸ் (சாம்சங்கின் ஒருமுறை மட்டும் எரியும் பாதுகாப்பு அடையாளம்) எரிந்து செக்யூர் ஃபோல்டரும் சாம்சங் பேயும் நிரந்தரமாகப் போய்விடும். ஒன் யுஐ 8இல் திறக்கும் வசதியையே எடுத்துவிட்டார்கள். ஹுவாவே 2018இலேயே பூட்லோடர் திறக்கும் கோடு தருவதை நிறுத்திவிட்டது. ஷாவ்மியில் ஹைப்பர்ஓஎஸ் வந்தபின் கம்யூனிட்டி ஆப்பில் அனுமதி கேட்க வேண்டும். அன்றாட ஒதுக்கீடு பெய்ஜிங் நேரம் நள்ளிரவில் திறந்து சில நொடிகளில் தீர்ந்துவிடும் (நமக்கும் அதே நேரம்தான், கணக்குப் போட வேண்டாம்). கிடைத்த பிறகும் காத்திருக்க வேண்டும். ஐபோனைப் பற்றிப் பேச்சே இல்லை. வேறு ஆப் ஸ்டோருக்கு ஐரோப்பாவில் கிடைத்த வழி சிங்கப்பூரில் இல்லை, வேறு ஓஎஸ்ஸுக்கு எங்குமே இல்லை.

சிங்கப்பூரில் விற்ற பிக்ஸல் எடுங்கள். 8ஏ என்றால் 2031 மே வரை அப்டேட் உண்டு. 7க்கு 2027 அக்டோபரோடு சரி. காசு கொடுப்பதற்கு முன் எம்ஆர்டி ஸ்டேஷனில் நின்றபடியே செய்ய வேண்டியது: விற்பவர் முன்னால் ரீசெட், பழைய கூகுள் கணக்கு கேட்கிறதா என்று பார்ப்பது, உங்கள் ஹாட்ஸ்பாட்டில் இணைப்பது, டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ஓஇஎம் சுவிட்சை ஆன் செய்து பார்ப்பது. அது ஆன் ஆனால் வாங்கலாம். வேறெந்த வாக்குறுதியும் வேண்டாம்.

இன்ஸ்டால் எளிது. கிராஃபீனின் வெப் இன்ஸ்டாலருக்கு குரோம், எட்ஜ் அல்லது பிரேவ் வேண்டும். ஃபயர்ஃபாக்ஸில் யுஎஸ்பி அனுமதி வராது. உபுண்டுவில் ஸ்நாப், ஃபிளாட்பேக் வழியாக வந்த பிரௌசரும் சொதப்பும். சார்ஜ் மட்டும் செய்யும் மலிவு கேபிள், யுஎஸ்பி ஹப் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். பாதியில் நின்றுபோகும் கதைகளில் பாதி கேபிளால்தான். பவரும் வால்யூம் டவுனும் சேர்த்துப் பிடித்து ஃபாஸ்ட்பூட் (ஓஎஸ் ஏற்றும் திரை), அன்லாக், ஏற்று, மறுபடி லாக். அன்லாக்கிலும் லாக்கிலும் போனில் இருப்பது முழுக்க அழியும். கடைசி லாக்கை விட்டுவிட்டால் வெரிஃபைடு பூட் (ஓஎஸ்ஸை யாரும் மாற்றவில்லை என்று பூட் ஆகும்போது சரிபார்ப்பது) வேலை செய்யாது, பாதிப் பயன் போச்சு. முடிந்ததும் பூட் ஆகும்போது மஞ்சள் எச்சரிக்கை வரும், அது வழக்கமானதே. அதில் காட்டும் ஹாஷை (சரிபார்ப்புக் குறியீடு) கிராஃபீன் தளத்தில் உங்கள் மாடலுக்கு உள்ளதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஹாக்கர் சென்டர் காப்பி

பேங்க் விஷயம். உண்மையைச் சொன்னால் இந்த ஊரில் நம்மைக் கட்டிப்போடுவது டெல்கோ இல்லை, இதுதான்.

கிராஃபீனில் ஆப் திறந்ததும் மூடிக்கொண்டால் அது கிராஷ். அந்த ஆப்பின் இன்ஃபோவில் எக்ஸ்ப்ளாய்ட் ப்ரொடெக்‌ஷன் கம்பாட்டிபிலிட்டி மோடை ஆன் செய்தால் பல நேரம் சரியாகும். "இந்தச் சாதனம் பாதுகாப்பானதில்லை" என்று செய்தி காட்டினால் அது மறுப்பு. பிளே இன்டெக்ரிட்டியில் (போன் நம்பகமானதா என்று ஆப்கள் கூகுளிடம் கேட்கும் சோதனை) கிராஃபீன் அடிப்படை நிலையைத் தாண்டும். அடுத்த நிலை கூகுள் சான்றளித்த ஓஎஸ்ஸுக்கு மட்டும். செட்டிங்ஸில் நோண்டி இதைச் சரிசெய்ய முடியாது. கூகுள் வாலட்டில் தட்டிப் பணம் கட்டுவதும் நடக்காது. எம்ஆர்டிக்குப் பேங்க் கார்டையே தட்டிக்கொள்ளலாம். ரூட் செய்து கசிந்த கீபாக்ஸ் (சான்று பெற்ற போன்களின் சாவிகள்) போட்டு ஏமாற்றும் வழி ஒன்று உண்டு. கூகுள் அந்தச் சாவிகளை ரத்துசெய்துகொண்டே இருக்கிறது. பேங்க் டோக்கன் (பரிவர்த்தனையை உறுதிசெய்யும் டிஜிட்டல் சாவி) இருக்கும் போனில் அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று: 2023 ஆகஸ்டில் ஓசிபிசி தொடங்கி, இங்கே பேங்க் ஆப்கள் பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வந்து ஆபத்தான அனுமதி வைத்திருக்கும் ஆப் இருந்தால் திறக்க மறுக்கின்றன. எஃப்-டிராய்டிலிருந்து (திறந்த மூல ஆப்களின் ஸ்டோர்) ஆக்சஸிபிலிட்டி (திரையைப் படித்து இயக்கும் அனுமதி) கேட்கும் ஆப் போட்டிருந்தால் மாட்டும். கிராஃபீனில் பேங்க் ஆப்களைத் தனி யூசர் ப்ரொஃபைலில் வைத்தால் ஒரு ப்ரொஃபைலில் இருப்பது மற்றொன்றுக்குத் தெரியாது.

எப்படி இருந்தாலும் பழைய போனை உடனே அழிக்காதீர்கள். டிஜிட்டல் டோக்கனைப் புதுப் போனுக்கு மாற்றினால் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும், அதன்பின் ஆப் மறுத்தால் திரும்பவும் அதே காத்திருப்பு. அந்த வெரைசன் பிக்ஸலைத் திருப்ப முடியாவிட்டால் சிங்பாஸுக்கும் பேங்குக்கும் அதையே வீட்டில் வைத்துவிடுங்கள்.

தேக்காவாசி

போனோடு வந்த ஸ்டாக் ஆண்ட்ராய்டிலேயே இருந்து எஃப்-டிராய்டு மட்டும் பயன்படுத்தினால் போதாதா?

யீஷூன் 4ஜி

இப்போதைக்குப் போதும். ஆனால் 2024 பிப்ரவரியிலிருந்து இங்கே பிளே ப்ரொடெக்ட் (கூகுளின் ஆப் பாதுகாப்புச் சோதனை), எஸ்எம்எஸ் படிக்கும், நோட்டிஃபிகேஷன் கேட்கும், ஆக்சஸிபிலிட்டி பயன்படுத்தும் ஆப்களை பிரௌசர், மெசேஜ், ஃபைல் மேனேஜர் வழியாகப் போட்டால் தடுத்துவிடும். அடுத்தது, ஆப் எழுதியவர் கூகுளிடம் அடையாளம் காட்டிப் பதிவு செய்திருக்க வேண்டும் என்ற விதி. அது முதலில் 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து நான்கிலும் தொடங்கும் என்று கூகுள் அறிவித்தது. எஃப்-டிராய்டு இதை வெளிப்படையாக எதிர்த்தது; விவரம் தெரிந்தவர்களுக்கு எச்சரிக்கையோடு தனி வழி விடுவதாகப் பிறகு கூகுள் சொன்னது. கணினியிலிருந்து ஏடிபி வழியாகப் போடுவதற்குத் தடை இல்லை. இந்த விதி கூகுள் சான்று பெற்ற போன்களுக்குத்தான். உங்கள் லினேஜ் ரெட்மிக்கு வராது.