தனிச்செய்தி அனுப்பினால் என்ன தப்பு?

மரகதம்:
சேது நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அம்மாவையோ அப்பாவையோ இழந்த பதின்வயதுப் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் இணையத்தில் ஆறுதல் சொல்லலாமாம், தனிச்செய்தி மட்டும் கூடவே கூடாதாம். அம்மா போய் மூன்று வாரம்கூட ஆகாத பையன், ராத்திரி 2 மணிக்கு நாற்பது பேர் பார்க்கிற இடத்திலா அழுவான்? ஒன்பது வருஷமாக இந்தப் பிள்ளைகளோடு பேசுகிறவள் நான்.

சேது:
உங்கள் மனசைக் குறை சொல்லவில்லை அம்மா. பிள்ளைகளை வளைக்கிறவனும் ஆறுதலில்தான் ஆரம்பிக்கிறான். அப்புறம் தனியாகப் பேசலாம் என்பான், வீட்டில் சொல்லாதே என்பான். உடைந்துபோயிருக்கிற பிள்ளைக்கு யார் நல்லவர் என்று எப்படித் தெரியும்? தனிச்செய்தி வேண்டாம்.

மரகதம்:
என்னையும் அவனையும் ஒரே தட்டில் வைக்கிறீர்களா? வீட்டில் சொல்லாதே என்று நான் எந்தப் பிள்ளையிடமும் சொன்னதில்லை.

கதிர்:
மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று துக்கத்துக்குச் சொல்வார்களே, அந்த ஐந்து கட்டமும் தாண்டினால் எல்லாம் சரியாகிவிடும். இதற்கு ஏன் இவ்வளவு சண்டை?

வாசுகி:
கதிர், அந்த ஐந்து கட்டம் மனநல மருத்துவர் கியூப்ளர்-ராஸ் 1969இல் சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளிடம் பேசி எழுதியது. இழந்துவிட்டு நிற்கிறவர்களைப் பற்றியதே இல்லை. பிள்ளைகளுக்குத் துக்கம் விட்டுவிட்டு வரும், காலையில் அழுதவன் சாயங்காலம் கேம் ஆடிச் சிரிப்பான். அதைப் பார்த்து 'தேறிவிட்டான்' என்று சொல்வதுதான் ஆபத்து.

கதிர்:
போன மாதமும் என்னை இப்படித்தான் எல்லார் முன்னாலும் திருத்தினீர்கள், மறக்கவில்லை.

மரகதம்:
கட்டத்தை விடுங்கள், நான் தனிச்செய்திக்கு வருகிறேன். ஒரு பெண், அப்பாவின் குரல்பதிவு ஒன்றை போனில் வைத்திருந்தாள், அதைத் தினமும் கேட்பது தப்பா என்று பொதுவில்தான் முதலில் கேட்டாள். வந்த பதில் என்ன தெரியுமா? 'தைரியமாக இரு, இனி அம்மாவுக்கு நீதான் துணை.' பதினைந்து வயசுக்காரி தலையில் குடும்பத்தையே ஏற்றிவைத்தார்கள், அவளும் வாயை மூடிக்கொண்டாள். ஒரு வாரம் கழித்து எனக்குத் தனியாக எழுதினாள். தப்பே இல்லை, வைத்துக்கொள், அப்பா எப்படிப் பேசுவார் என்று எனக்கும் சொல் என்றேன். அன்று விடிய விடிய எழுதினாள். உங்கள் விதிப்படி அதுவும் தப்பு, இல்லையா சேது?

சேது:
அவள் அம்மாவுக்கு நீங்கள் பேசுவது தெரியுமா?

மரகதம்:
அந்த அம்மாவே படுக்கையை விட்டு எழவில்லை. யாரிடம் போய்ச் சொல்வது?

வாசுகி:
ஆனால் மரகதம் அக்கா, நாளைக்கே அவள் 'நானும் அப்பாகிட்ட போறேன்' என்று எழுதினால் என்ன செய்வீர்கள்? அவள் பக்கத்தில் இருக்கிற ஒரு பெரியவராவது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அத்தையோ டீச்சரோ யாராவது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2022 கையேட்டில் நீடித்த துக்கக் கோளாறு, அதாவது ஆளை முடக்குகிற, தணியாத துக்கம், என்று சொல்ல இழப்பு நடந்து பெரியவர்களுக்குக் குறைந்தது 12 மாதம், பிள்ளைகளுக்கு 6 மாதம் ஆகியிருக்க வேண்டும். அதைப் பார்த்துச் சொல்ல நேரில் ஆள் வேண்டும்.

கதிர்:
பாருங்கள், இப்போது அக்காவையும் திருத்துகிறார்.

சேது:
அவள் அம்மாவுக்குத் தெரியுமா, தெரியாதா? அதற்குப் பதில் வரவில்லை.

மரகதம்:
எத்தனை தடவை கேட்டாலும் என் பதில் ஒன்றுதான். அவள் எழுதினால் நான் எழுதுவேன், தனிச்செய்தியில்தான் எழுதுவேன்.